வழி காட்டிய நாவலர்



நம் தகப்பனார் மவுத்தான பிறகு அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பழைய கணக்கு நோட்டுகளுக்கு அடியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராற்றுப்படை என்னும் சிறு புத்தகம் ஒன்று இருந்தது. இயற்றியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். நாமோ மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கல்லாவுக்கு வந்துவிட்டோம். படை என்ற சொல்லைக் கண்டதும், சிறு வயதில் வீட்டுப் பெரியவர்கள் ஓதக் கேட்ட படைப்போர் நூல்கள்தாம் நினைவுக்கு வந்தன. இது ஏதோ ஆற்றங்கரையில் நடந்த யுத்தக் கதை போலும் என்று எண்ணிப் பெட்டியை மூடிவிட்டோம்.

நம் கடைக்குச் சாமான் வாங்க வரும் தமிழாசிரியர் ஒருவரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, ஆறு என்றால் வழி என்றும், ஆற்றுப்படுத்துவது என்றால் வழிகாட்டி அனுப்புவது என்றும் விளக்கினார். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிறவர், எதிரில் வரும் ஏழையைப் பார்த்து, இன்ன வழியே போ, இன்னாரைக் காண், உன் வறுமை தீரும் என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. பழைய பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவையாம். நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று முதல் நாவலர் அவர்களைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நாவலர் அவர்கள் 1833-ஆம் ஆண்டு நாகூரில் வாப்பு ராவுத்தரின் மகனாகப் பிறந்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பாடங் கேட்டார்கள். ஒரு சைவப் பெரும்புலவர் ஒரு முஸ்லிம் மாணவருக்குத் தம் கல்வியை ஒளிக்காமல் கொடுத்தார். மாணவரும் பெற்ற கல்வியைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை.

நாவலர் அவர்கள் இருபதுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார்கள். பாட்டு என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதில் எத்தனை வகை உண்டு என்பது அந்நூல்களின் பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். நாகூர்க் கலம்பகம், பகுதாதுக் கலம்பகம் என்பவை அவற்றுள் இரண்டு. பலவகைப் பூக்களைச் சேர்த்துக் கட்டிய மாலைபோலப் பலவகைப் பாக்களைச் சேர்த்துப் பாடுவது கலம்பகம். திருமக்காத் திரிபந்தாதி மற்றொன்று. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதலாக வருவது அந்தாதி. அதிலும் ஒவ்வோர் அடியிலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்த எழுத்துகள் ஒன்றாகவே நின்று, பொருள் வேறாவது திரிபு. மக்காவும் பகுதாதும் இப்படிப் பழந்தமிழ்ச் சட்டைக்குள் அழகாகப் பொருந்தின. பாட்டியல் இலக்கணத்துக்கென்று பொருத்த விளக்கம் என்ற நூலையும் எழுதினார்கள். உமறு பாஷா என்னும் துருக்கித் தளபதியைப் பற்றி ரெயினால்ட்ஸ் எழுதிய ஆங்கில நாவலையும் தமிழில் தந்தார்கள்.

மலாய் நாட்டில் வாழும் நமக்கு முக்கியமானது இன்னொன்று. 1883-இல் பினாங்கிலிருந்து வெளிவந்த வித்தியா விசாரிணி என்னும் பத்திரிகையை நடத்தியவர்களும் இவர்களே. அதற்கு முன்பே, 1872-இல், நமக்குப் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் முனாஜாத்துத் திரட்டு என்ற தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது. அதைப் பாடியவரும் நாகூர்ப் புலவர்தாம். ஆகவே, இக்கரைக்கு நம்மவர் சரக்கை மட்டும் கொண்டு வந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். நாவலர் அவர்கள் அச்சங்கத்தின் நக்கீரர் என்று போற்றப்பட்டார்கள். 1903-இல், வயது எழுபதை எட்டிய காலத்தில், புலவர்களையெல்லாம் அச்சங்கத்துக்கு வழிகாட்டி அனுப்பும் புலவராற்றுப்படையைப் பாடினார்கள். தமக்குக் கிடைத்த சிறப்பு பிறருக்கும் கிடைக்கட்டும் என்ற மனம் அது. 1908-இல் காலமானார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஆற்றுப்படை நம் வியாபாரிகளுக்குப் புதியதே அல்ல. நம் பாட்டனார் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியபோது சட்டைப் பையில் ஒரு விலாசம் மட்டுமே இருந்ததாம். முன்னால் வந்து பிழைத்தவர் ஒருவர், இந்தத் தெருவில் இந்தக் கடைக்குப் போ, என் பெயரைச் சொல், சோறும் வேலையும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜொகூரில் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அப்படி ஆற்றுப்படுத்தப்பட்டவையே. செய்கையை நாம் மறக்கவில்லை, சொல்லைத்தான் மறந்துவிட்டோம்.

நம்முடைய சொற்களும் இதேபோல் நழுவுகின்றன. கதையைப் பாடுவது கிஸ்ஸா. கேள்வியும் விடையுமாகச் செல்வது மசலா. 1572-இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரம் மசலா அவ்வகையில் பழமையானது. வரலாற்றைச் சொல்வது நாமா. இறைவனிடம் மனம் உருகி வேண்டுவது முனாஜாத்து. அரபும் பார்ஸியும் தந்த சொற்களை நம் புலவர்கள் தமிழ் நூல்வகைகளாக்கினார்கள். ஆனால் சென்ற மீலாது விழா நோட்டீசில் எல்லாவற்றையும் பாட்டு என்றே நாம் அச்சிட்டிருந்தோம். முனாஜாத்து என்றால் என்ன அத்தா என்று நம் மகள் கேட்டபோது அந்த நேரத்தில் நமக்கு வாய் வரவில்லை. மிளகில் எத்தனை ரகம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோமே!

ஆகவே, அடுத்த விழா நோட்டீசில் ஒவ்வொன்றையும் அதனதன் பெயராலேயே போடுவோம். பொருள் தெரியாத பிள்ளைகளைத் தெரிந்தவரிடம் அனுப்புவோம். அதுவும் ஓர் ஆற்றுப்படைதான். தகப்பனாரின் புத்தகம் இப்போது பெட்டியில் இல்லை, நம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சகோதரர்கள் கடைக்கு வரும்போது கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நாவலர் அவர்களின் மறுமை வாழ்வு சிறக்க வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.