கள்ளுக்கடையில் பிறந்த வரி

கல்லூரியில் பொது நிதியியல் கற்பித்த காலத்தில், விற்பனை வரி என்னும் பாடத்தை நான் சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்துதான் தொடங்குவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். இரண்டையும் முடிச்சிட்டவர் ராஜாஜி என்றதும் வியப்பார்கள். இதிகாசங்களை எளிய தமிழில் தந்தவராகவும், சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் அவரை அறிந்தவர்களுக்கு, நிதியமைச்சர் ராஜாஜி புதியவர்.

1878-இல் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், சேலத்தில் பெயர்பெற்ற வழக்குரைஞராக விளங்கியவர். நல்ல வருமானம் தந்த அத்தொழிலைக் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, அங்கேயே குடும்பத்துடன் வாழ்ந்தார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்குப் பிரசாரமும் ஆசிரமத்தின் அன்றாடப் பணியாயிற்று. உழைப்பாளியின் கூலி வீடு சேருமுன் கள்ளுக்கடையில் கரைவதை அவர் அருகிலிருந்து கண்டார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணைநின்ற இளைஞர்தான் பின்னாளில் புகழ்பெற்ற கல்கி.

பிரசாரம் செய்தவர் ஆட்சிக்கு வந்தால் பெரும்பாலும் பிரசாரத்தை மறந்துவிடுவார். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற ராஜாஜி மறக்கவில்லை. நிதித் துறையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். மூன்றே மாதங்களில், அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதுவரை மது வருவாயைக் கணக்கில் எழுதிவந்த அதே அரசு இயந்திரத்தைக் கொண்டே கடைகளை மூடச் செய்தார். பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் சட்டம் விரிந்தது. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் தடை என்று அவர் அறிவிக்கவில்லை. ஒரு மாவட்டத்தில் செய்து பார்த்து, விளைவை அறிந்து, அடுத்த மாவட்டத்துக்குச் சென்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் சேலத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். குடிக்குச் சென்ற பணம் உணவுக்கும் துணிக்கும் திரும்பியதை அந்த ஆய்வு காட்டியது. சட்டத்தின் பயனைக் குடும்பத்தின் வரவு செலவில் தேடியதால், இன்றைக்கும் அது எனக்கு முன்மாதிரியான ஆய்வு. ஆனால், மரமேறிகள் பிழைப்பிழந்ததையும் மறைக்கக் கூடாது. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்ச வழிசெய்தும், இழப்பு முழுவதும் ஈடாகிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ராஜாஜியை நான் மதிப்பது அடுத்த நடவடிக்கைக்காக. மது ஆயத்தீர்வை அன்று மாகாண அரசின் பெரும் வருவாய்களுள் ஒன்று. குடிகாரனைத் திருத்துவதைவிட, அவனது காசுக்குப் பழகிப்போன கஜானாவைத் திருத்துவதே கடினம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். வணிகர்கள் கொதித்தெழுந்தனர். விகிதம் அரை சதவீதத்தைத் தாண்டவில்லை என்றாலும், ஏழையும் செல்வரும் ஒன்றுபோல் சுமக்கும் வரி என்ற குறை அதற்கு உண்டு. பொருளியல் படித்த எவரும் அதைச் சுட்டாமல் இருக்க முடியாது. ஆயினும், இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு விடையோடு மதுவிலக்கை அணுகியவர் அவர். அந்த ஆண்டு இறுதிக்குள் போர் காரணமாக அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரி மட்டும் நின்றுவிடவில்லை.

ஓமந்தூரார் ஆட்சியில், 1948-இல், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது ஒத்திவைக்கப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவ முன்வந்த மத்திய அரசு, ஏற்கெனவே கடைப்பிடித்துவந்த தமிழகத்துக்கு உதவ மறுத்தது என்பது அன்றைய அரசின் வாதம். அதில் நியாயமும் இருந்தது. முதல்வர் மு. கருணாநிதியை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று ராஜாஜி மன்றாடினார். அப்போது அவருக்கு வயது 92. வேண்டுகோள் பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-இல் அவர் மறைந்தபோது தமிழகத்தில் சாராயக் கடைகள் திறந்திருந்தன.

வகுப்பின் இறுதியில் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன்: 1939-இன் விற்பனை வரி பின்னர் எந்தெந்த வடிவம் எடுத்தது என்று தேடி எழுதி வாருங்கள். அது மதிப்புக் கூட்டு வரியானது. 2017-இல் பெரும்பாலான பொருள்களுக்குச் சரக்கு, சேவை வரி அதன் இடத்தைப் பிடித்தது. அருந்தும் மதுவோ புதிய வரிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆகவே, மதுவை விலக்குவதற்காக ராஜாஜி உண்டாக்கிய வரியின் வாரிசு, இன்றும் டாஸ்மாக் பாட்டிலின் மீது வசூலாகிக்கொண்டிருக்கிறது.