சேஷையா சாஸ்திரியும் புதுக்கோட்டை நிலவரிச் சீர்திருத்தமும்

சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்னும் வணிக நகரமாக விளங்கிய நார்த்தாமலை, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் குளத்தூர் வட்டத்தில் அமைந்திருந்தது. வற்றாத ஆறில்லாத இந்நிலப்பகுதியில் வேளாண்மை மழையையும் ஏரி குளங்களையும் நம்பியே நடைபெற்றது. இத்தகைய ஊர்களின் வாழ்வை மாற்றிய நிருவாகிகளுள் முதன்மையானவர் அமராவதி சேஷையா சாஸ்திரி (1828–1903).

தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த இவர், சென்னையில் பவல் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணி தொடங்கி மசூலிப்பட்டினம், தஞ்சாவூர் ஆகிய இடங்களில் உயர்பொறுப்புகளை வகித்தார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கினார். 1878இல் இராமச்சந்திரத் தொண்டைமானின் ஆட்சியில், கடன்சுமையும் நிருவாகச் சீர்கேடும் மிகுந்திருந்த புதுக்கோட்டையின் பொறுப்பை ஏற்றார்.

அப்போது நிலவிய அமானி முறையில் அரசும் குடியானவரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்டனர். விளைச்சல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும் என்பது இதன் நன்மை. எனினும் அதிகாரிகளின் இசைவின்றி அறுவடை செய்ய இயலாமையும், காவலர்களின் கையாடலும், களஞ்சியங்களில் தானியம் வீணாதலும் இருதரப்புக்கும் இழப்பை விளைவித்தன. சாஸ்திரி இம்முறையை நீக்கிப் பணவரியை நிலைப்படுத்தினார். 1888இல் இனாம் நிலங்களுக்கும் தீர்வு செய்யப்பட்டது.

பணவரி குடியானவரை இடைநிலை அலுவலரின் பிடியிலிருந்து விடுவித்தது. ஆயின் மழை பொய்க்கும் ஆண்டின் சுமையை அவர்மீதே பெரிதும் ஏற்றியது. எனவே அவர் மேற்கொண்ட நீர்நிலைப் பணிகளைத் தனி அறச்செயலாகக் கருதுவது பொருந்தாது. அவை வரிச் சீர்திருத்தத்தின் மறுபாதியாகும். ஏரி நிறைந்தால் மட்டுமே பணவரி தாங்கத்தக்கதாகும். தலைநகரின் புதுக்குளம் சீரமைக்கப்பட்டதும், தெருக்களும் பொதுக் கட்டடங்களும் ஒழுங்குபெற்றதும் அவர் காலத்துப் பணிகளே.

1886இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இளவயதில் அரியணை ஏறியபோது, திவான் பொறுப்புடன் அரசப் பிரதிநிதிப் பொறுப்பும் சாஸ்திரியிடம் சேர்ந்தது. மன்னர் முழு ஆட்சியுரிமை பெற்ற 1894இல் அவர் பணியிலிருந்து விலகினார்.

மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், மக்களைக் கலந்து முடிவெடுக்கும் அவை ஏதுமின்றி, அவர்களின் வரிமுறையையே மாற்றியமைத்தார் என்பது இவ்வாழ்வின் முரண். புதுக்கோட்டையில் பிரதிநிதிகள் சபை 1902இல்தான் தோன்றியது. அடுத்த ஆண்டில் சாஸ்திரி மறைந்தார். அவரது சீர்திருத்தத்தை மதிப்பிடுவோர் கருவூல வரவோடு, நார்த்தாமலை போன்ற மானாவாரி ஊர்களின் ஏரி நீர்மட்டத்தையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.