ஒரு கம்பியைப் பலருக்குப் பகிர்ந்தளித்தவர்

எமில் பாடோ 1845ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளியோடு அவரது படிப்பு நின்றது. வயலில் உழைத்து வந்த அவர், 1869இல் தந்தித் துறையில் பணிக்குச் சேர்ந்தார்.

ஒருவர் தந்தி அனுப்புகையில் குறிகளுக்கு இடையே கம்பி வீணே ஓய்ந்திருந்தது. அந்த ஓய்வைப் பயன்படுத்த பாடோ விழைந்தார். நம் ஆய்க்குடி வயல்களில் ஒரே வாய்க்கால் நீரை முறை வைத்துத் திருப்புவதுபோல, சுழலும் கருவியொன்றால் ஒரே கம்பியைப் பலருக்கும் முறையாக வழங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து மின்குறிகளாக அமைத்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் உழைத்தே 1874இல் காப்புரிமை பெற்றார். 1878ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1903இல் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013இல் முடிவுற்றது. ஆயினும், இயந்திரங்களுக்குள் இருக்கும் நுண்செயலிகள் பிற கருவிகளோடு பல வேளைகளில் தகவல்களை இன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் பரிமாறிக்கொள்கின்றன. சில முனைகளையே பல தகவல் வழிகள் பகிர்ந்து கொள்கின்றன. அவ்வேகத்தை அளக்கும் அலகுக்கு அவர் நினைவாகப் 'பாட்' என்பதே பெயர். பள்ளிப் படிப்பு நின்றாலும் கற்பதை நிறுத்தாதவர் புகழ் நிலைக்கும் அன்றோ!