காங்கோ நதியில் ஓர் அமைதிப் படகு

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே, அடர்ந்த காடுகளை ஊடுருவி ஓடுகிறது காங்கோ நதி. அதன் நீளம் சுமார் 4,700 கிலோ மீட்டர். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கும் பெருநதி அது. அதன் உபநதிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, அவற்றின் கரைகளில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதெல்லாம் 1880-ம் ஆண்டுவாக்கில் வெளியுலகத்துக்குத் தெரியாது. தேசப் படத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அந்த நதிகளில் சிறிய நீராவிப் படகில் சென்று, வளைவு வளைவாக அளந்து படம் வரைந்தவர் ஜார்ஜ் கிரென்பெல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் போனது சமயப் பணிக்காக. ஆனால் அவர் காட்டிய வழியில் பின்னால் வந்தவர்களின் நோக்கம் வேறு. அதை அவர் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

கிடங்கில் வேலை

கிரென்பெல் 1849-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் பகுதியில் பிறந்தார். குடும்பம் பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இரும்புச் சாமான்களும் இயந்திரங்களும் விற்கும் கிடங்கில் அவர் தொழில் பழகினார். திருகாணி முதல் பாய்லர் வரை அவருக்குப் பழக்கம் உண்டானது அங்கேதான். இளம் வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது.

1873-ல் பிரிஸ்டல் நகரில் உள்ள பாப்டிஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பாப்டிஸ்ட் மிஷன் சங்கம் அவரை மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காமரூனுக்கு அனுப்பியது. முன்னாளில் வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பியதும் இதே சங்கம்தான்.

1876-ல் திருமணம் நடந்தது. ஓராண்டு நிறைவதற்குள் மனைவி மேரி இறந்தார். பிறகு, மேற்கிந்தியத் தீவு வம்சத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணான ரோஸ் பேஷன்ஸ் எட்ஜர்லியை மணந்தார். திருமணத்துக்கு முன்பே ரோஸ் கருவுற்றிருந்ததால் சங்கத்தில் பெரும் கண்டனம் எழுந்தது. கிரென்பெல் பதவியை ராஜினாமா செய்தார். ஆனால் காங்கோவில் வேலை செய்ய அவரைப் போன்ற ஆள் கிடைக்கவில்லை. 1880-ல் சங்கம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

800 மூட்டையாக வந்த படகு

காங்கோ நதியில் கடலிலிருந்து நேராக உள்ளே போக முடியாது. மட்டாடி என்ற இடத்துக்கு மேலே சுமார் 350 கிலோ மீட்டர் தூரத்துக்கு வரிசையாக அருவிகளும் பாறைகளும் குறுக்கிடுகின்றன. அதற்கும் மேலே, ஸ்டான்லிக் குளம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட அகன்ற நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 1,700 கிலோ மீட்டர் தூரம் தடையின்றிப் படகு விடலாம். ஆனால் அங்கே படகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி?

லீட்ஸ் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஆர்திங்டன் என்ற செல்வர் பணம் கொடுத்தார். லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் 70 அடி நீளப் படகு ஒன்று கட்டப்பட்டது. சுமை ஏற்றிய பிறகும் ஒன்றரை அடித் தண்ணீரில் மிதக்கக் கூடியது. அதற்கு 'அமைதி' என்று பொருள்படும் 'பீஸ்' என்று பெயர் சூட்டினார்கள். தேம்ஸ் நதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அக்கு அக்காகக் கழற்றி, சுமார் 800 மூட்டைகளாகக் கட்டினார்கள். மூட்டை ஒன்று சுமார் 30 கிலோ எடை. அருவிகளைச் சுற்றிச் செல்லும் மலைப் பாதையில் ஆப்பிரிக்கச் சுமைகூலிகள் அவற்றைத் தலையில் சுமந்து சென்றார்கள்.

படகைப் பூட்டுவதற்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று இன்ஜினீயர்களும் ஒருவர் பின் ஒருவராக நோய்க்குப் பலியானார்கள். வேறு ஆளுக்காகக் காத்திராமல் கிரென்பெல் தானே வேலையில் இறங்கினார். பர்மிங்காம் கிடங்கில் பழகிய கை உதவிற்று. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு தகடு தகடாகப் பூட்டினார். 1884-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி 'பீஸ்' தண்ணீரில் இறங்கியது.

ஆற்றோரக் கிராமங்கள்

அடுத்த இரண்டே ஆண்டுகளில் கிரென்பெல் பல நெடும் பயணங்கள் செய்தார். படகுக்கு விறகுதான் எரிபொருள். ஆகவே அவ்வப்போது கரையில் ஒதுங்கி மரம் வெட்டியாக வேண்டும். உணவுக்கு மரவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும் கிராமங்களில் வாங்க வேண்டும். அதற்குப் பித்தளைக் கம்பிகளே நாணயம். பல கிராமத்தார் புகை கக்கும் படகை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சில இடங்களில் ஆட்டமும் பாட்டுமாக வரவேற்றார்கள். சில இடங்களில் அம்பு மழை பொழிந்தார்கள். அதற்காகவே படகின் மேல்தட்டைச் சுற்றி இரும்புக் கம்பி வலை அடித்திருந்தது.

அந்த மக்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1884 டிசம்பரில் ஸ்டான்லி அருவியை நோக்கிச் சென்றபோது கிரென்பெல் அதைக் கண்ணால் கண்டார். கரையெங்கும் எரிந்து கரியான கிராமங்கள். ஓடங்களில் ஏறி உயிர் தப்பிய குடும்பங்கள். அடிமைகளைப் பிடிக்க வந்த அரபு வியாபாரிகளின் கைவரிசை அது. அக்கொள்ளையில் சிறுவனாகப் பிடிபட்டவர்களில் ஒருவர் டிசாசி மகுலோ. ஸ்டான்லி அவரை விலை கொடுத்து மீட்டார். பிறகு கிரென்பெல்லிடம் வளர்ந்து, பெரியவனானதும் பிரசாரகராகத் தம் மக்களிடமே திரும்பிச் சென்றார்.

1885 பிப்ரவரியில் கிரென்பெல் உபாங்கி என்ற பெரிய உபநதியில் வடக்கே சென்று, சோங்கோ என்ற இடத்தில் பாறைகள் வழி மறிக்கும் வரை அளந்தார். அதே ஆண்டில் லுலோங்கா, சுவாப்பா முதலிய நதிகளிலும் சென்று, குள்ள உருவமுடைய பாட்வா மக்களைச் சந்தித்தார். பயணங்கள் சிலவற்றில் மனைவி ரோஸும் சிறு மகளும் உடன் சென்றார்கள். பெண்ணும் பிள்ளையும் இருக்கும் படகு சண்டைக்கு வந்ததல்ல என்பது கரையில் நின்றவர்களுக்கும் விளங்கியது.

ஒற்றைக் கண்ணால் பார்த்து அவர் வரைந்த படத்தை லண்டன் ராயல் பூகோளச் சங்கம் வெளியிட்டு, 1887-ல் தங்கப் பதக்கமும் அளித்தது.

மன்னரின் வேஷம்

அவர் உபாங்கியை அளந்துகொண்டிருந்த அதே மாதத்தில்தான் பெர்லின் நகரில் ஐரோப்பிய வல்லரசுகளின் மாநாடு முடிந்தது. காங்கோவின் பெரும் பகுதி பெல்ஜியம் மன்னர் லியோபால்டின் சொந்த ராஜ்யமாயிற்று. நாகரிகத்தைப் பரப்புவேன், அடிமை வியாபாரத்தை ஒழிப்பேன் என்று மன்னர் வாக்குறுதி கொடுத்திருந்தார். எரிந்த கிராமங்களைப் பார்த்த கிரென்பெல் அதை நம்பினார்.

1890-ல் முதல் அடி விழுந்தது. மன்னரின் அதிகாரிகள் 'பீஸ்' படகையே படை நடவடிக்கைக்காகப் பறித்துக்கொண்டார்கள். கிரென்பெல் ஐரோப்பாவுக்கே சென்று முறையிட்டார். படகு திரும்பக் கிடைத்தது. நம்பிக்கை மட்டும் போகவில்லை. லுண்டா எல்லையைப் பிரிக்கும் வேலையை மன்னருக்காக 1891 முதல் 1893 வரை செய்து கொடுத்தார், விருதும் பெற்றார்.

இதற்குள் உலகச் சந்தையில் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. கிராமத்துக்கு இவ்வளவு ரப்பர் என்று கட்டாய வரி விதித்தார்கள். கொடுக்காத ஊருக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். சவுக்கடி, பெண்களைப் பணயமாகப் பிடித்தல், துப்பாக்கிச் சூடு, கைகளை வெட்டுதல் எல்லாம் நடந்தன. செய்தி வெளியே கசிந்ததும், 1896-ல் மன்னர் மக்கள் பாதுகாப்புக் கமிஷன் ஒன்றை அமைத்துக் கிரென்பெல்லையும் உறுப்பினர் ஆக்கினார். உறுப்பினர் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் வெகு தொலைவில் இருந்தார்கள். ரப்பர் கொடுமை மிகுந்த பகுதியில் ஒருவர்கூட இல்லை. கமிஷன் இரண்டே முறைதான் கூடியது. உலகத்தின் கண்ணில் மண்ணைத் தூவ அமைத்த கமிஷன் அது. கிரென்பெல்லின் நல்ல பெயரும் அதற்குத் திரையாகப் பயன்பட்டது.

1904-ல் பிரிட்டிஷ் கான்சல் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை உண்மையை உலகறியச் செய்தது. கிரென்பெல் இனியும் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை. கமிஷன் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு விசாரணைக் குழு பொலோபோவில் அவரது நிலையத்துக்கு வந்தபோது அதன் முன் சாட்சியம் அளித்தார். தாம் ஏமாந்ததையும் மறைக்கவில்லை.

கடைசிப் பயணம்

1899-ல் மகள் பேஷன்ஸை நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். உடல் தளர்ந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. 1906-ல் யலெம்பாவில் இருந்தபோது கருநீர்க் காய்ச்சல் கண்டது. அவரிடம் தொழில் பழகிய ஆப்பிரிக்கர்கள் 'பீஸ்' படகிலேயே அவரைப் பாசோகோவுக்குக் கொண்டு சென்றார்கள். ஜூலை 1-ந் தேதி அங்கே காலமானார். வயது 56.

இரண்டாண்டு கழித்து, உலகத்தின் கண்டனம் தாங்காமல் லியோபால்டு காங்கோவைக் கைவிட நேர்ந்தது. பெல்ஜியம் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

கிரென்பெல் அளந்த உபாங்கி நதி இன்றும் நாடுகளின் எல்லையாக ஓடுகிறது. காங்கோவில் அவர் வைத்த நம்பிக்கைகளில் ஒன்று வீணாகவில்லை: அது ஆற்றோர மக்கள்மேல் வைத்தது. மன்னர்மேல் வைத்தது பொய்த்தது. அதைக் காலந்தாழ்ந்தேனும் வாய்விட்டுச் சொன்னது, 800 மூட்டைகளைப் படகாக்கியதைவிடக் கடினமான காரியம்.