காகிதத்தை அறிந்த கேப்டன்

ஒரு புகைப்படத்தைக் கையில் எடுத்தால் அதிலுள்ள கோபுரத்தையோ முகத்தையோ பார்க்கிறோமேயன்றி, அது எந்தத் தாளில் பதிந்திருக்கிறது என்று எண்ணுவதில்லை. ஆயினும் படத்தின் அழகும் ஆயுளும் பெரிதும் அந்தத் தாளைப் பொறுத்தவையே. எந்தத் தாள், எந்த அளவு, எத்தகைய தொகுப்பு என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து உழைத்தவர் ஒருவர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் மதுரையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் மாட்டு வண்டிகளோடு சுற்றினார். அவர்தாம் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

இளமையும் படைப்பணியும்

டிரைப் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். பதினாறு, பதினேழு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் பணியாற்றியபின் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோதுதான் புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. 1853-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தில் அவ்வாண்டே உறுப்பினரானார். 1854-இல் பெங்களூர் திரும்பியவர், அவ்வாண்டு இறுதியிலேயே ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855-இல் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றன.

தாளா, கண்ணாடியா?

அக்காலத்தில் நெகட்டிவ் எடுப்பதற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று கண்ணாடித் தகடு, மற்றொன்று தாள். கண்ணாடியில் நுணுக்கம் மிகுதி. ஆனால் ஈரக் கொலோடியன் முறையில் தகட்டைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியாகவேண்டும். போகுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடன் வரவேண்டும். வண்டிப் பயணத்தில் தகடு உடையும் அச்சமும் உண்டு.

தாளோ இலேசானது, உடையாதது. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறையில், மெல்லிய தாளில் முதலில் மெழுகை ஊட்டுவார்கள். மெழுகு தாளின் நார்களுக்கிடையே நிறைந்து அதை ஒளி ஊடுருவச் செய்யும். பிறகு அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் நிமிடக்கணக்கில் ஒளி காட்டவேண்டியிருக்கும். கோயில் மண்டபம் அசையப்போவதில்லை. வண்டிப் பாதைதான் குலுங்கும். ஆகவே தம் பெரிய படங்கள் பெரும்பாலானவற்றுக்கு டிரைப் தாளையே தேர்ந்தார்.

தாளிலும் தரம் பார்க்கவேண்டியிருந்தது. ஆங்கிலத் தாள்களில் ஜெலட்டின் பசையும் பிரெஞ்சுத் தாள்களில் மாவுப் பசையும் சேர்ந்திருந்தன. பசை மாறினால் பிரதியின் நிறமும் மாறும். தாளில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒன்று இருந்தாலும் படத்தில் புள்ளி விழும்.

அளவையும் அப்போதே தீர்மானித்தாகவேண்டும். பெரிதாக்கும் வசதி அன்று நடைமுறைக்கு வரவில்லை. நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டியே பிரதி எடுத்தார்கள். பிரதி எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, காமிராவும் அவ்வளவு பெரிதாக வேண்டும். டிரைப்பின் படங்கள் சுமார் 10 அங்குல உயரமும் 13, 14 அங்குல அகலமும் உடையவை. அத்தகைய காமிராவைத்தான் அவர் ஊர் ஊராகக் கொண்டுசென்றார்.

ஆறாயிரம் பிரதிகள்

1855-இல் ஆர்தர் பேர் தலைமையில் பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற தூதுக்குழுவில் டிரைப் புகைப்படக்காரராக இடம்பெற்றார். மழைக்காலத்திலும் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை எடுத்தார். பெங்களூர் திரும்பியபின் அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகள் உருவாக்கினார். கணக்கிட்டால் 6,000 பிரதிகள்! ஒவ்வொன்றையும் வெயிலில் காட்டி, நிறுத்தி, கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எண்ணும் இடப்பெயரும் அச்சிட்ட சீட்டைக் கீழே சேர்த்தாகவேண்டும்.

அந்நாளில் புகைப்படங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கி வந்தன. அதன் காரணத்தை ஆராய இலண்டன் சங்கம் 1855-இல் ஒரு குழுவையே அமைத்தது. ஹைப்போ போகுமளவு கழுவாமையே முக்கியக் குறை என்று தெரிந்தது. தங்கக் கரைசலில் தோய்த்தால் படம் நீண்டநாள் நிற்கும் என்பதும் தெரிந்தது. டிரைப்பின் பிரதிகளும் தங்கம் ஏற்றப்பட்டவை. பளபளக்கும் முட்டை வெண்கருத் தாள் பெருவழக்காகிவந்த காலத்தில், உப்புத் தாளில் வெண்கருவை மெல்லியதாக மட்டும் ஏற்றி, கல்லின் சொரசொரப்பும் நிழலின் ஆழமும் ஒருங்கே தோன்றச் செய்தார். தாள் நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாக விழுந்தபோது, நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை அமைத்தார்.

தஞ்சைக் கல்வெட்டு

அடுத்து அவர் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை சேலம் மாவட்டம், திருச்சி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனப் பயணம் நீண்டது. பொருளுக்கேற்ப வடிவத்தையும் மாற்றினார். கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் பெரிய தாள். கருவியில் வைத்துப் பார்த்தால் ஆழம் தோன்றும் இரட்டைப் படங்களுக்குச் சிறிய கண்ணாடித் தகடு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை எந்த அளவில் அடக்குவது? தள்ளி நின்று ஒரே படமாக எடுத்தால் எழுத்துத் தெரியாது. டிரைப் அதனை 21 பகுதிகளாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். படிக்கவேண்டியதைப் படிக்கும் அளவில் தரவேண்டும் என்பதே அவர் கருத்தாக இருந்திருக்கவேண்டும். இராசராசனின் கல்வெட்டுகளை ஹூல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான் என்பதை எண்ணினால் இவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

ஆடம்பரம் என்ற தீர்ப்பு

1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய தொகுதிகள் வெளிவந்தன. ஆனால் 1857 கிளர்ச்சிக்குப்பின் அரசின் கருவூலம் நலிந்திருந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், புகைப்பட வேலை நாட்டின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். பணியாளரும் கருவிகளும் கலைந்தன. டிரைப் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். பின்னாளில் பர்மாவில் எடுத்த சில படங்கள் தவிர, அக்கலையை அவர் பெரிதாகத் தொடரவில்லை. 1902-இல் தாம் பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார்.

ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தாள்கள் பிறகு என்ன செய்தன? திருமலை நாயக்கர் மகாலை நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்வதற்கு முன்பு அது எந்நிலையில் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. சென்னை அருங்காட்சியகத்திலிருந்து 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்ட அமராவதிச் சிற்பங்களை, அவை இங்கிருந்த நிலையில் காட்டுகின்றன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் நடந்த கண்காட்சியில் அவற்றைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆளுநரின் சிக்கனம் ஏட்டில் ஒரு வரியாயிற்று. கேப்டனின் தாள்கள் இன்றும் மங்காமல் இருக்கின்றன.

நமக்குரிய பாடம்

இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றுள் தாளில் ஏறியவை எத்தனை? ஊர்க்கோயிலையோ, இடியப்போகும் பழைய வீட்டையோ, பாட்டியின் முகத்தையோ படமெடுக்க முனையும் மாணவர், இதை யார் பார்க்கவேண்டும், எவ்வளவு அருகில் பார்க்கவேண்டும், எத்தனை காலம் நிற்கவேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சுவரில் தொங்குவதற்கு ஓர் அளவு, மடியில் வைத்துப் புரட்டுவதற்கு வேறோர் அளவு. பளபளப்பான தாள் நுணுக்கத்தைக் காட்டும்; ஆனால் விளக்கொளியில் கண் கூசும். பளபளப்பற்ற தாள் அமைதி தரும். அமிலமற்ற நல்ல தாளுக்கு விலை சற்று அதிகம். அந்த விலை பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. காமிராவைத் தூக்குமுன்பே தாளைப்பற்றி எண்ணியவர் டிரைப். அவர் எடுத்த தஞ்சையை நாம் இன்றும் பார்க்கமுடிவது அதனால்தான்.