பாறையைப் படித்த மருத்துவர்

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலை எத்தனை வெள்ளி என்று கேட்கிறோம். பணத்திற்கு நாம் ஓர் உலோகத்தின் பெயரையே வைத்திருக்கிறோம். அதே பணத்தை ஆங்கிலத்தில் டாலர் என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் வெள்ளிதான் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, மத்திய ஐரோப்பாவில் யோவாக்கிம்ஸ்டால் என்னும் சுரங்க நகரில் வெள்ளி நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஊரின் பெயரால் அவை யோவாக்கிம்ஸ்டாலர் என்று அழைக்கப்பட்டன. நீண்ட அப்பெயர் தாலர் எனச் சுருங்கியது. தாலர் நாளடைவில் டாலர் ஆயிற்று.

அந்த வெள்ளி பாறைக்குள் எப்படி வந்தது? இக்கேள்விக்கு நேரில் கண்டறிந்த சான்றுகளைக் கொண்டு விடை தேடியவர் ஒரு மருத்துவர். அவர்தாம் ஜார்ஜியஸ் அக்ரிகோலா. கனிமவியலின் தந்தை என்று உலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

அக்ரிகோலா 1494ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள கிளாவ்காவ் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை துணித் தொழிலும் சாயத் தொழிலும் செய்துவந்தார். ஏழு பிள்ளைகளுள் அக்ரிகோலா இரண்டாமவர். அவரது இயற்பெயர் கியோர்க் பவுவர். பவுவர் என்றால் ஜெர்மன் மொழியில் உழவர் என்று பொருள். அக்காலத்து அறிஞர்கள் தம் பெயரை லத்தீன் மொழியில் மாற்றிக்கொள்வது வழக்கம். அதனால் உழவர் என்றே பொருள்படும் அக்ரிகோலா என்ற லத்தீன் பெயரால் அவர் அறியப்பட்டார்.

இளமையில் அவரை ஈர்த்தது மொழிகளே. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்றார். பின்னர், சுவிக்காவ் நகரப் பள்ளியில் அம்மொழிகளைக் கற்பித்தார். மாணவர்களுக்காக ஒரு சிறிய லத்தீன் இலக்கண நூலையும் எழுதினார். அதன்பின் மருத்துவத்தில் நாட்டம் கொண்டு இத்தாலிக்குச் சென்றார். வெனிஸ் நகரில் புகழ்பெற்ற பதிப்பகம் ஒன்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தது. அப்பணியில் அக்ரிகோலாவும் பங்கேற்றார். பழைய ஏடுகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம் அங்கே அவருக்குக் கைவந்தது.

தாயகம் திரும்பிய அவர், 1527ஆம் ஆண்டு யோவாக்கிம்ஸ்டால் நகரின் மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மலைத்தொடரில் அந்நகரம் அமைந்திருந்தது. அம்மலைத்தொடரின் ஜெர்மன் பெயருக்குத் தாது மலைகள் என்று பொருள். வெள்ளி கிடைத்த செய்தி பரவியதும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கே வந்து குவிந்தனர்.

பழைய மருத்துவ நூல்கள் சில கனிமங்களை மருந்தாகக் குறிப்பிட்டிருந்தன. அவற்றை நேரில் காண விரும்பிய அக்ரிகோலா, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சுரங்கங்களுக்கும் உலோகம் உருக்கும் உலைகளுக்கும் சென்றார். அங்கே அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த பல செய்திகள் எந்த நூலிலும் இல்லை. அந்நூல்களைத் தொழிலாளர்கள் படித்ததும் இல்லை. அறிவு இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்தது. அவ்விரண்டையும் இணைப்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

சுரங்கத்தில் தொழிலாளர்கள் தேடியது என்ன? நம் புக்கித் தீமா குன்றில் காணப்படும் கருங்கல்லைப் போன்ற பாறைகள் தாது மலைகளிலும் உண்டு. அவை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் பழைமையானவை. அத்தகைய பாறைகளின் ஊடேயும் அவற்றைச் சூழ்ந்துள்ள பாறைகளின் ஊடேயும் சில இடங்களில் வெண்ணிறக் கோடுகள் ஓடுகின்றன. உடலில் நரம்பு ஓடுவதைப் போல் ஓடும் இவற்றைக் கனிம நரம்புகள் எனலாம். இவற்றில் பெரும்பாலும் நிறைந்திருப்பது குவார்ட்ஸ் என்னும் வெண்மையான கனிமம். அதனுடன் சேர்ந்துதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு போன்றவற்றின் தாதுக்கள் கிடைக்கின்றன. சில நரம்புகள் விரல் அளவே அகலமானவை. சில, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அகன்றவை.

பாறை தோன்றியபோதே நரம்புகளும் தோன்றிவிட்டன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். சூரியனால் பொன்னும் நிலவால் வெள்ளியும் விளைகின்றன என்றும் சிலர் கூறிவந்தனர். அக்ரிகோலா இவற்றை ஏற்கவில்லை. முதலில் பாறை தோன்றியது. பின்னர் அதில் பிளவுகள் உண்டாயின. நிலத்தடியில் ஓடிய நீர், கனிமங்களைக் கரைத்துக் கொண்டுவந்து அப்பிளவுகளில் படியச் செய்தது. இதுவே அவர் கண்ட முடிவு. 1546ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இக்கருத்தை அவர் விளக்கினார்.

கற்கண்டு உருவாகும் விதத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சூடான நீரில் நிறையச் சர்க்கரையைக் கரைக்கலாம். பாகு ஆற ஆற, சர்க்கரை மெல்ல மெல்லப் படிகங்களாகப் படிகிறது. பூமியின் ஆழத்திலும் கடும் வெப்பமும் அழுத்தமும் கொண்ட நீர், குவார்ட்ஸுக்கு மூலமான பொருளையும் உலோகங்களையும் கரைத்து வைத்திருக்கிறது. பிளவுகளின் வழியே மேலேறும்போது அது குளிர்கிறது. அப்போது பிளவின் இரு சுவர்களிலும் கனிமங்கள் படிந்து வளர்கின்றன. காலப்போக்கில் பிளவு அடைபட்டு நரம்பாகிறது. அக்ரிகோலாவின் விளக்கம் முழுவதும் சரியானதன்று. பிளவுகளை நீரே அரித்து உண்டாக்கியது என்று அவர் கருதினார். பூமியின் அசைவால் பாறை வெடிப்பதாலேயே பெரும்பாலான பிளவுகள் உண்டாகின்றன என்பதை இன்று அறிவோம். ஆயினும், பாறைக்குப் பின்னரே நரம்பு தோன்றியது என்ற அவரது அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது.

சுரங்கத் தொழிலாளர்கள் கவைக்குச்சி ஒன்றைக் கையில் ஏந்தி நடப்பதுண்டு. அது வளையும் இடத்தில் தாது இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அக்ரிகோலா அவ்வழக்கத்தை விரிவாக எழுதினார். ஆனால், தொழில் அறிந்தவருக்கு அக்குச்சி தேவையில்லை என்றார். நிலத்தின் இயற்கையான அடையாளங்களை உற்று நோக்கச் சொன்னார். அவரும் தம் காலத்து மனிதரே. சுரங்கங்களில் பேய்கள் உலவுகின்றன என்ற நம்பிக்கையை அவரால் முற்றிலும் விட முடியவில்லை.

மருத்துவரான அவர், பாறையைப் பார்த்த கண்களாலேயே மனிதரையும் பார்த்தார். சுரங்கத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அரித்தது. கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில், கணவர்களை ஒருவர்பின் ஒருவராக இந்நோய்க்குப் பறிகொடுத்து, ஏழு முறை திருமணம் செய்துகொண்ட பெண்களும் இருந்தனர் என்று அவர் குறிப்பிட்டுள்ளார். தூசியைத் தடுக்க முகத்தை மறைக்கும் துணி அணியவும், காற்றாடிகளாலும் துருத்திகளாலும் சுரங்கத்திற்குள் நல்ல காற்றைச் செலுத்தவும் அவர் வழிகாட்டினார்.

1530களின் தொடக்கத்தில் அக்ரிகோலா கெம்னிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மருத்துவராகப் பணியாற்றியதோடு, நான்கு முறை நகரத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். கொள்ளைநோய் பரவிய காலத்தில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அந்நோயைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இத்தனை பணிகளுக்கு இடையிலும் தம் பெருநூலை அவர் கைவிடவில்லை. சுரங்கத் தொழிலையும் உலோகத் தொழிலையும் முழுமையாக விளக்கும் அந்நூலின் பெயர் 'தே ரே மெட்டாலிக்கா'. அதை எழுத ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. தொழிலாளர்கள் பேசிய ஜெர்மன் சொற்கள் பலவற்றுக்கு லத்தீனில் சொற்களே இல்லை. மொழியாசிரியராக இருந்த அவர், அவற்றுக்குப் புதிய சொற்களை உருவாக்கினார். எழுத்தால் மட்டும் எல்லாம் விளங்கிவிடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே, கருவிகளையும் இயந்திரங்களையும் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். ஏறத்தாழ 290 மரக்கட்டை அச்சுப் படங்கள் அந்நூலில் இடம்பெற்றன.

நூலின் எழுத்துப் பணி 1550ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. படங்களை அச்சுக்கு ஆயத்தப்படுத்த மேலும் சில ஆண்டுகள் ஆயின. அக்ரிகோலா காத்திருந்தார். ஆனால், 1555ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் காலமானார். சில மாதங்களில் நூல் வெளிவந்தது. இருபது ஆண்டு உழைப்பின் பலனை அவர் கையில் ஏந்திப் பார்க்கவே இல்லை.

இறந்த பின்னும் அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. அக்காலத்தில் கிறிஸ்துவ சமயத்திற்குள் பெரும் பிளவு ஏற்பட்டிருந்தது. கெம்னிட்ஸ் மக்கள் லூதரின் சீர்திருத்த வழியைப் பின்பற்றினர். அக்ரிகோலாவோ இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். அதனால், அவர் நான்கு முறை தலைமை ஏற்ற நகரிலேயே அவரை அடக்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது. அவருடைய உடல் சைட்ஸ் என்னும் வேற்றூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஆனால், நூலுக்கு எந்த ஊரும் கதவை அடைக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பியச் சுரங்கத் தொழிலுக்கு அதுவே வழிகாட்டியாக விளங்கியது. 1912ஆம் ஆண்டு சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும் அவருடைய மனைவி லூ ஹூவரும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். ஹூவர் பின்னாளில் அமெரிக்க அதிபரானார்.

யோவாக்கிம்ஸ்டாலின் கதையும் வெள்ளியோடு முடியவில்லை. அதே நரம்புகளில் கிடைத்த கறுப்புத் தாதிலிருந்துதான் மேரி கியூரியும் அவருடைய கணவரும் 1898ஆம் ஆண்டு ரேடியத்தைக் கண்டறிந்தனர். அம்மலைகளின் தொழிலாளர்களை வாட்டிய நோய்க்குத் தூசி மட்டுமே காரணமன்று, பாறையிலிருந்து கசிந்த கதிரியக்க வாயுவும் காரணம் என்பதும் பின்னர்த் தெரியவந்தது.

அந்த வாயுவைப் பற்றி அக்ரிகோலா அறிந்திருக்க வழியில்லை. ஆனால், தொழிலாளர்கள் இருமியதை அவர் கேட்டார். அதை எழுதியும் வைத்தார். நூல்களைக் கற்ற ஒருவர் சுரங்கத்தில் இறங்கி, அங்கே உழைத்தவர்களிடமும் கற்றுக்கொண்டார். அதனால்தான், பாறையில் ஓடும் ஒரு வெண்ணிறக் கோட்டின் கதை நமக்குக் கிடைத்தது.