லிஸ்டரின் பாட்டிலில் இருப்பது யாருடைய பெயர்?

பாத்ரூம் ஷெல்ஃபில் இருக்கும் லிஸ்டரின் மவுத்வாஷை ஜோசப் லிஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. 1879-ல் அமெரிக்காவில் அதைத் தயாரித்தவர்கள் அவர் பெயரை எடுத்து வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு அப்போது அவ்வளவு மவுசு. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி வரைக்கும் பல டாக்டர்கள் அவரை நம்பவே இல்லை.

1827-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்தவர் லிஸ்டர். அப்பா ஒயின் வியாபாரி, கூடவே மைக்ரோஸ்கோப் லென்ஸ்களை மேம்படுத்தியவர். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது.

1860-களில் அவர் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் சர்ஜன். மயக்க மருந்து வந்துவிட்ட காலம். ஆபரேஷன் நல்லாவே முடியும், நோயாளி அதுக்கப்புறம்தான் சாவார். புண் சீழ் பிடிக்கும், அழுகும், காய்ச்சல் ஏறும். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். ரத்தம் காய்ந்து விறைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவது சர்ஜன்களுக்குப் பெருமை. ஆபரேஷனுக்கு முன்னாடி கை கழுவுறதா? எதுக்கு?

உணவு கெட்டுப்போக நுண்ணுயிர்களே காரணம் என்ற லூயி பாஸ்டரின் ஆய்வை லிஸ்டர் படித்தார். புண்ணும் அப்படித்தானே அழுகுது? நுண்ணுயிரைக் கொல்ல பாஸ்டர் காட்டிய ஒரு வழி, சூடாக்குவது. மனுஷன் காலை வேகவைக்க முடியாதே! கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்துக்கு ஊற்றிய கார்பாலிக் அமிலம், அதாவது பீனால், அவர் கவனத்துக்கு வந்தது.

1865 ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயசுப் பையனைத் தூக்கி வந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி கால் எலும்பு முறிந்து, சதையும் கிழிந்திருந்தது. இப்படி வந்தால் பெரும்பாலும் காலையே எடுத்துவிடுவார்கள். எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. லிஸ்டர் காலை எடுக்கவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். நாலு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் சீழ் இல்லை, அழுகல் நாற்றம் இல்லை. ஆனா அமிலம் பட்ட இடத்தில் தோல் வெந்திருந்தது. அதன்பின் நீர்க்கவைத்துப் பயன்படுத்தினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான்.

1867-ல் லான்செட் இதழில் எழுதினார். எதிர்ப்பும் வந்தது. பதில் அவருடைய கணக்கில் இருந்தது: கை, கால் நீக்கும் ஆபரேஷனில் முன்பு 35 பேரில் 16 பேர் இறந்தார்கள், புது முறைக்குப் பிறகு 40 பேரில் 6 பேர்.

செப்சிஸ் என்றால் கிரேக்கத்தில் அழுகல். அதைத் தடுப்பது ஆன்டிசெப்டிக். ஆன்டிபயாடிக்கோடு இதைக் குழப்பிக்க வேண்டாம்: அது உடலுக்குள் போய் பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து, இது தோலிலும் காயத்திலும் மேலே போடுவது. தரைக்கு ஊற்றும் கிருமிநாசினி வேறு, அதைக் காயத்தில் போடக் கூடாது. இன்று ஆஸ்பத்திரிகளில் போவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினால், பீனால் குடும்பம்தான்.

லிஸ்டர் தன் முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. ஆபரேஷன் அறை முழுக்க கார்பாலிக் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னவரே அவர்தான். 1871-ல் விக்டோரியா ராணியின் அக்குள் கட்டியைக் கீறியபோதும் அடித்தார்கள். காற்றில் இருக்கும் கிருமியைவிட கையிலும் கருவியிலும் இருப்பதுதான் ஆபத்து என்று புரிந்ததும், 1890-ல் பெர்லின் மருத்துவ மாநாட்டில் ஸ்ப்ரேவைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாகவே சொல்லிவிட்டார். சபையில் இதை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளில் நிறைய பக்கங்கள் மனைவி ஆக்னஸின் கையெழுத்து. 1893-ல் ஆக்னஸ் இறந்தார். 1912-ல் லிஸ்டர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இறுதிப் பிரார்த்தனை நடந்தது. ஆனா உடலை அங்கே புதைக்கவில்லை. அவர் விருப்பப்படியே ஹாம்ப்ஸ்டெட் கல்லறையில், ஆக்னஸ் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.